ஈஸ்ட் போடாத பியர்: பிரஸ்ஸல்ஸ் கான்டியோன் கதை

இந்த எபிசோட் ஒரு பியர் காய்ச்சும் இடத்தைப் பற்றியது. அதனால் நம்ம ஊர் வழக்கப்படி முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மது நாட்டுக்கும் வீட்டுக்கும் உயிருக்கும் கேடு. சொல்லியாச்சு. குடிக்காதவங்களும் தாராளமா கேட்கலாம். இதில் பியரைவிட இட்லி மாவு, கிருமி, குளிர்காலம், பிடிவாதமான ஒரு குடும்பம், இதெல்லாம்தான் அதிகம் வரும்.

ஒரு பிப்ரவரியில் ஆபீஸ் வேலையாக பெல்ஜியம் போயிருந்தேன். சனிக்கிழமை லீவு. பிரஸ்ஸல்ஸில் மிடி என்ற பெரிய ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து கொஞ்ச நேரம் நடந்தால் ஆண்டர்லெக்ட் பகுதியில் சாதாரணமான ஒரு தெரு. அந்தத் தெருவில்தான் கான்டியோன் இருக்கிறது. உலகம் முழுக்க கிராஃப்ட் பியர் பைத்தியங்கள் இந்தப் பெயரைக் கேட்டாலே கையெடுத்துக் கும்பிடுவார்கள். பளபள ஸ்டீல் டேங்க், பெரிய எல்ஈடி போர்டு என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துவிடுவீர்கள். பழைய கிடங்குக் கதவு ஒன்று, அதைத் திறந்தால் ஈர மரவாசனை. அவ்வளவுதான்.

சுற்றிப் பார்க்க டிக்கெட் எடுத்தால் கடைசியில் ருசி பார்க்கத் தருவார்கள். எனக்கு வந்த முதல் கிளாஸில் நுரையே இல்லை. ஒரு வாய் குடித்தேன். புளிப்பு! எலுமிச்சை, காய்ந்த வைக்கோல், பழைய தோல் பை எல்லாம் சேர்ந்த மாதிரி ஒரு ருசி. பக்கத்தில் நின்ற ஆள் முகம் கோணிப் போனதைப் பார்த்தேன். என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். மனசுக்குள் ஒரே கேள்வி: இது கெட்டுப்போன பியரா?

இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் வேணும்னா 1883-க்குப் போகணும்.

அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். பல ஆயிரம் வருடமாக மனிதர்கள் பியர் காய்ச்சினார்கள். ஆனால் தானியச் சாறு ஏன் பொங்குகிறது, அதில் போதை எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியாது. சில சமயம் நன்றாக வரும், சில சமயம் ஊற்றிவிட வேண்டியதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் நிலைமை மாறியது. 1842-ல் போஹீமியாவின் பில்சன் நகரில் தங்க நிறத்தில் தெளிவான ஒரு லாகர் பிறந்தது. 1870-களில் கார்ல் வான் லிண்டே உருவாக்கிய குளிர்பதன இயந்திரம் வந்தது. 1876-ல் லூயி பாஸ்டர் பியர் பற்றியே ஒரு புத்தகம் போட்டார். பியர் கெடுவதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்தான் என்று காட்டினார்.

கடைசி அடி கோபன்ஹேகனில் விழுந்தது. கார்ல்ஸ்பெர்க் நிறுவனத்தின் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் என்பவர் ஒரே ஒரு ஈஸ்ட் செல்லைப் பிரித்தெடுத்து, அதை மட்டும் பெருக்கி, அதை வைத்தே பியர் காய்ச்சிக் காட்டினார். வருடம் 1883. நம்ம ஆட்களுக்குப் பிடிக்கிற விஷயம் என்னன்னா, கார்ல்ஸ்பெர்க் முதலாளி யாகப்சன் அந்த ஈஸ்ட்டைப் பூட்டி வைக்கவில்லை. காப்புரிமை வாங்காமல் மற்ற நிறுவனங்களுக்கும் கொடுத்தார். அந்தக் காலத்து ஓப்பன் சோர்ஸ்!

விளைவு, இன்றைக்குச் சென்னையில் ஒரு லாகர் குடித்தாலும் பெர்லினில் ஒன்று குடித்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. இதைக் குறை சொல்லவில்லை. இன்ஜினியரிங்கில் இதைத்தான் வெற்றி என்கிறோம். ஒரே கோடு, எந்த மெஷினில் ஓட்டினாலும் ஒரே அவுட்புட். பியரும் அப்படி ஆனது. அந்த உலகத்தின் அளவுகோலில் பார்த்தால், என் கையில் இருந்த கிளாஸ் கெட்டுப்போன பியர்தான்.

சரி, அப்படீன்னா கான்டியோனில் என்ன செய்கிறார்கள்? ஒன்று செய்யாமல் இருக்கிறார்கள். அவர்கள் ஈஸ்ட் போடுவதே இல்லை.

இங்கே நம்ம வீட்டு இட்லி மாவை நினைச்சுக்கோங்க. அரிசி, உளுந்து, உப்பு, தண்ணீர். ஈஸ்ட் யாராவது போடுறாங்களா? இல்லை. அரிசியிலும் உளுந்திலும் பாத்திரத்திலும் கையிலும் இருக்கிற நுண்ணுயிர்களே பொங்க வைக்கின்றன. சென்னையில் அம்மா அரைத்தால் ராத்திரியே பொங்கி மூடியைத் தள்ளும். அதே அளவில் பெங்களூரு டிசம்பரில் நான் அரைத்தால் காலையில் கல்லு மாதிரி கிடக்கும். கைப்பக்குவம்னு அம்மா சொல்வாங்க. பாதிக்கு மேல அது தட்பவெப்பம். லாம்பிக் என்ற பியரும் இதே கதைதான். என்ன, அதுக்குக் குளிர் வேணும்.

வேலை எப்படி நடக்குதுன்னு சொல்றேன். மூன்றில் இரண்டு பங்கு மால்ட் ஆக்கிய பார்லி, மீதி முளைக்கட்டாத பச்சைக் கோதுமை. இதை வெந்நீரில் பல கட்டங்களாக ஊறவைத்துச் சாறு எடுக்கிறார்கள். வேண்டுமென்றே முழுசாகச் சர்க்கரையாக உடையாத மாவுச்சத்தை அதில் மிச்சம் வைக்கிறார்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். அப்புறம் ஹாப்ஸ் போட்டு மணிக்கணக்கில் கொதிக்க விடுகிறார்கள். கிராஃப்ட் பியர் கடைகளில் புது ஹாப்ஸின் மணத்துக்குத்தான் காசு. இவர்கள் வருடக்கணக்கில் கிடந்து மணமும் கசப்பும் போன பழைய ஹாப்ஸைத் தேடிப் போடுகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது கெட்ட கிருமிகளைத் தடுக்கும் குணம் மட்டும்தான்.

கொதித்த சாறு மாடிக்கு ஏறுகிறது. கூரைக்கு நேர் கீழே ஒரு பரந்த செம்புத் தொட்டி. உயரம் குறைவு, அகலம் அதிகம். பெரிய தாம்பாளத்தைத் தரையில் பதித்த மாதிரி இருக்கும். கூல்ஷிப் என்று பெயர். சுற்றிலும் காற்று வரும்படி பலகைச் சட்டங்கள். ஒரு ராத்திரி முழுக்க அந்தச் சாறு திறந்தபடி ஆறும். பிரஸ்ஸல்ஸ் காற்றில் மிதப்பது, கூரையில் ஒட்டியிருப்பது எல்லாம் அதில் விழும். ஆய்வகத்தில் வேலை செய்யும் யாராவது இதைப் பார்த்தால் மயங்கி விழுந்துவிடுவார்கள்.

நான் போன அன்று தொட்டி காலி. செம்பு கருத்துப் போய்க் கிடந்தது. மேலே ஒட்டடை. அதையும் அவர்கள் சுத்தம் செய்வதில்லை. கோடையில் பழ ஈக்கள் பீப்பாய்களைத் தேடி வரும், அவற்றைச் சிலந்திகள் பார்த்துக்கொள்ளும். அதனால் இங்கே சிலந்தியும் ஒரு ஊழியர்.

காலையில் சாறு மரப் பீப்பாய்களுக்குப் போகிறது. முதலில் வயிற்றைக் கலக்கும் ரகப் பாக்டீரியாக்கள் ஆட்சி செய்யும். சில வாரங்களில் சாக்கரோமைசிஸ் என்ற வழக்கமான ஈஸ்ட் எளிய சர்க்கரையைத் தின்று தீர்த்து ஆல்கஹால் ஆக்கும். பிறகு பீடியோகாக்கஸ் என்ற பாக்டீரியா புளிப்பைக் கொண்டுவரும். அரை வருடம் போல ஆனதும் பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட் தலையெடுக்கும். மற்றவை தின்ன முடியாத கடினமான மாவுச்சத்தை மெதுவாக, மாதக்கணக்கில், இது தின்னும். அந்த மிச்சத்தை ஏன் வைத்தார்கள் என்று இப்போது புரிகிறதா? கடைசியில் வரும் விருந்தாளிக்கு எடுத்து வைத்த சாப்பாடு அது. இந்த வரிசை 2014-ல் வெளியான ஓர் ஆய்வில் உறுதியானது. அதற்கான மாதிரிகளை கான்டியோன் பீப்பாய்களிலிருந்தே இரண்டு வருடம் எடுத்தார்கள். ஆனால் நுண்ணோக்கி இல்லாமலேயே, யாரும் திட்டம் போட்டுக் கொடுக்காமலேயே, தலைமுறை தலைமுறையாக இந்தச் செய்முறை வந்துவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்த பிரெட்டனோமைசிஸுக்குப் பெயர் வைத்தது யார்? அதே கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தைச் சேர்ந்த கிளாசன். வருடம் 1904. இங்கிலாந்தில் நாள்பட வைத்த பியர்களின் தனி ருசிக்கு இதுதான் காரணம் என்று சொன்னார். பெயருக்கு அர்த்தமே பிரிட்டிஷ் பூஞ்சை. ஒரே ஈஸ்ட் போதும் என்று உலகத்துக்குச் சொன்ன அதே இடம், சுமார் 20 வருடம் கழித்து, வெளியே தள்ளியதிலும் ருசி இருந்தது என்று ஒப்புக்கொண்டது. 1921-ல் பெல்ஜியத்தில் லாம்பிக்கிலிருந்து இதன் உறவுக்கார ஈஸ்ட் பிரிக்கப்பட்டது. அதற்கு பிரஸ்ஸல்ஸ் பெயரையே வைத்தார்கள்: புருக்ஸெல்லென்சிஸ்.

இப்போது குடும்பத்துக்கு வருவோம். 1900-ல் பால் கான்டியோனும் அவர் மனைவி மரீ ட்ரோக்கும் ஆண்டர்லெக்டில் தொழில் தொடங்கினார்கள். ஆரம்பத்தில் அவர்கள் காய்ச்சவில்லை. மற்றவர்களிடம் லாம்பிக் வாங்கி, பீப்பாயில் வைத்து, கலந்து, பாட்டிலில் அடைத்து விற்றார்கள். பச்சைக் கொட்டை வாங்கி வறுத்து, கலந்து, பொடி விற்கும் நம்ம காபிக் கடை மாதிரி. அன்றைக்கு பிரஸ்ஸல்ஸில் இவர்களைப் போல எத்தனையோ பேர். மகன்கள் ராபர்ட்டும் மார்செலும் 1930-களின் கடைசியில் ஒரு பழைய காய்ச்சும் ஆலையின் சாமான்களை வாங்கிப் போட்டு சொந்தமாகக் காய்ச்சத் தொடங்கினார்கள். உடனே போர் வந்தது. அதையும் தாண்டினார்கள்.

போர் செய்யாததை 1960-கள் செய்தது. மக்களின் நாக்கு மாறியது. இனிப்பான குளிர்பானங்களோடு வளர்ந்த தலைமுறைக்குப் புளிப்பு பிடிக்கவில்லை. பிழைக்க வழி என்ன? பல நிறுவனங்கள் லாம்பிக்கில் இனிப்பைச் சேர்த்தன, வடிகட்டின, சூடாக்கி உள்ளே இருந்த உயிர்களைக் கொன்றன. அவர்களைத் தப்பு சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சம்பளம் கொடுக்கணும், கடன் அடைக்கணும். மார்க்கெட் கேட்பதைக் கொடுப்பது குற்றமா என்ன? மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கதவை மூடினார்கள். பழைய முறையில் காய்ச்ச பிரஸ்ஸல்ஸ் நகருக்குள் கடைசியில் கான்டியோன் மட்டும் மிஞ்சியது.

அந்த நேரத்தில் மார்செலின் மருமகன் ஜான்-பியேர் வான் ராய் பொறுப்புக்கு வந்தார். இனிப்புச் சேர்க்க மறுத்தார். சினிமாவாக இருந்தால் இங்கேயே சுபம் போட்டுவிடுவார்கள். மறுப்பதால் மட்டும் பாட்டில் விற்காது என்பதுதான் நிஜம். அவர் செய்த இன்னொரு வேலைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1978-ல் அந்த இடத்தையே மியூசியம் ஆக்கினார். தொழில் நடந்துகொண்டிருக்கும்போதே கதவைத் திறந்து, ஜனங்களை உள்ளே விட்டு, தொட்டியைக் காட்டி, பீப்பாயைக் காட்டி, ஏன் புளிக்கிறது என்று சொல்லி, கடைசியில் ஒரு கிளாஸ் கொடுத்தார். பியரில் ஒரு சொட்டுக்கூட மாறவில்லை. அதைக் குடிக்கிறவர் அதைப் புரிந்துகொள்ளும் விதம் மாறியது.

யோசிச்சுப் பாருங்க. முதல் வாய் குடிச்சப்போ எனக்கு இது கெட்டுப்போன பியர். கதையைக் கேட்டு, மாடியைப் பார்த்துவிட்டு வந்து குடித்த இரண்டாவது கிளாஸ் வேறு மாதிரி இருந்தது. 1978-ல் அவர் கண்டுபிடித்தது இதைத்தான்.

அந்த இரண்டாவது கிளாஸ் கூஸ். இங்கிலீஷில் சொல்லும் வாத்து இல்லைங்க, இது பியரின் பெயர். ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம் ஆன லாம்பிக்குகளைக் கலந்து பாட்டிலில் அடைப்பது. ஒரு வருடப் பியரில் இன்னும் கொஞ்சம் சர்க்கரை மிச்சம் இருக்கும். அது பாட்டிலுக்குள் மறுபடி நொதித்து ஷாம்பெய்ன் மாதிரி குமிழி தரும். ருசியின் ஆழம் பழசிலிருந்து வரும். சின்னது துள்ளும், பெரிசு தாங்கும். நம்ம கூட்டுக் குடும்பக் கணக்கு. எந்தப் பீப்பாயில் எவ்வளவு எடுப்பது என்பதற்குச் சூத்திரம் கிடையாது, நாக்குதான் கருவி. குடிக்கும்போது புளிப்பு முதலில் வந்து, பிறகு பச்சை ஆப்பிள், திராட்சைப்பழத் தோல், கடைசியில் பழைய மர பீரோவைத் திறந்த வாசனை. இப்போது முகம் கோணவில்லை.

அடுத்து கிரீக். லாம்பிக்கில் புளிப்புச் செர்ரியை மாதக்கணக்கில் ஊறப்போடுவது. நிறம் ரத்தச் சிவப்பு. இனிக்கும் என்று நினைத்துக் குடித்தால் அதுவும் புளிக்கும், ஏன்னா பழத்தின் சர்க்கரையையும் ஈஸ்ட் தின்றுவிடுகிறது. மூன்றாவதாக ஐரிஸ். மியூசியத்தின் 20-வது வருடத்துக்காக 1998-ல் உருவாக்கினார்கள். இதில் கோதுமையே இல்லை, பழைய ஹாப்ஸோடு புது ஹாப்ஸும் உண்டு. எதையும் மாற்ற மாட்டார்கள் என்று நான் நினைத்திருந்த குடும்பம் புதுப் பியரும் செய்திருக்கிறது. காற்றைத் தவிர மற்றதில் கை வைக்கலாம் என்பது அவர்கள் கணக்கு போலிருக்கிறது.

உலகம் திரும்பிப் பார்த்தது. மைக்கேல் ஜாக்சன் என்ற ஆங்கில எழுத்தாளர் (பாடகர் இல்லை, அதே பெயரில் பியர் பற்றி எழுதியவர்) பெல்ஜியப் பியர்களைப் பற்றி ஊர் ஊராகச் சொன்னார். அமெரிக்காவில் கிராஃப்ட் பியர் அலை வந்தது. 2007-ல் மெயின் மாநிலத்தின் அலகாஷ் நிறுவனம் கூல்ஷிப்பே கட்டியது. அதே முறை, அதே பொறுமை. ஆனால் வந்தது பிரஸ்ஸல்ஸ் பியர் இல்லை, மெயின் பியர். அவர்களும் அதை லாம்பிக் என்று விற்பதில்லை. என் மெஷினில் ஓடுது என்று நாம் சொல்லும் சாக்கு இருக்கிறதே, அதுதான் இங்கே முழு வியாபாரமும். கோடை எடுத்துக்கொண்டு போகலாம், மெஷினை எடுத்துக்கொண்டு போக முடியாது. மெஷின் என்பது அந்தக் கூரை, அந்தப் பீப்பாய், அந்த ஊரின் குளிர்.

அங்கேதான் இப்போது பிரச்சினை.

கூல்ஷிப்பில் சாறு ஒரே ராத்திரியில் ஆறி முடிக்கணும். அதுக்கு வெளியே மைனஸ் 3-லிருந்து 8 டிகிரி வரை இருப்பது நல்லது. சூடு கூடினால் சாறு மெதுவாக ஆறும், வேண்டாத பாக்டீரியா பெருகும். அதனால்தான் லாம்பிக் குளிர்காலத்தில் மட்டும் காய்ச்சுவது. 2015 நவம்பரில் பிரஸ்ஸல்ஸில் குளிர் வரவே இல்லை. ஜான்-பியேரின் மகனும் இப்போதைய தலைமை பியர் காய்ச்சுநருமான ஜான் வான் ராய், தொடங்கிய வேலையை நிறுத்த வேண்டியதாயிற்று. காய்ச்சியதைக் கீழே ஊற்றவும் வேண்டியிருந்தது. தாத்தா காலத்தில் அக்டோபர் நடுவில் தொடங்கி மே வரை காய்ச்சினார்கள், தனக்கு அப்படி ஒரு சீசன் ஒருமுறைகூட வாய்த்ததில்லை என்று அப்போது பேட்டியில் சொன்னார்.

இது ஒரு பியர் பிரச்சினை மட்டும்தானா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. 1960-களின் இனிப்பு மோகத்தை ஒரு மனிதர் மாட்டேன் என்று சொல்லி நிறுத்த முடிந்தது. கண்ட கண்ட பியருக்கு லாம்பிக் என்று பெயர் வைப்பதைத் தடுக்கச் சட்டம் வந்தது. 1997-ல் ஐரோப்பிய ஒன்றியம் லாம்பிக்கையும் கூஸையும் பாரம்பரியச் சிறப்புப் பொருளாகப் பதிவு செய்தது. ஆனால் குளிர்காலத்திடம் எந்தச் சட்டத்தைக் காட்டுவது? ஒரு கூலிங் மெஷின் வாங்கி வைத்தால் நாளைக்கே தீரும். 1870-களிலேயே வந்துவிட்ட மெஷின்தான். வாங்கினால் பியர் வரும். அந்தக் காற்று வராது.

அந்த முடிவை எடுக்க வேண்டிய இடத்தில் நான் இருந்தால் என்ன செய்வேன் என்று திரும்பும்போது ரயிலில் யோசித்தேன். ஆபீஸில் இந்த மாதிரி பழைய சிஸ்டத்தைப் பார்த்தால் முதல் நாளே மாற்றி எழுதணும்னு டிக்கெட் போடுகிற ஆள் நான். இங்கே அந்தத் தைரியம் வரவில்லை. மாற்றி எழுதியபின் பழையபடி ஓடாவிட்டால் திரும்பிப் போக பேக்கப் கிடையாது. இத்தனை வருடமாக அந்த மாடியில் சேர்ந்ததுதான் ஒரே காப்பி.

கிளம்பும் முன் ஒரு கூஸ் பாட்டில் வாங்கினேன். பாட்டிலுக்குள் இன்னும் உயிர் இருக்கிறது. வெளிச்சம் படாமல் வைத்தால் பல வருடம் தாங்கும், ருசியும் மாறிக்கொண்டே போகும். இப்போது பெங்களூரு வீட்டில், கட்டிலுக்குக் கீழே, ஒரு துணியில் சுற்றிக் கிடக்கிறது. அம்மா வந்தபோது என்னடா இது என்று கேட்டாங்க. பெல்ஜியத்து மாவும்மா, இன்னும் புளிச்சுட்டு இருக்கு என்றேன். முறைச்சாங்க. அப்புறம், குளிர்ல புளிக்கவே புளிக்காதேடா என்று கேட்டாங்க.

அதுக்குத்தான் இந்த எபிசோட். அம்மாவுக்கும் லிங்க் அனுப்பியாச்சு.